3.5 இன்ச் லிஃப்டுக்குப் பிறகு கன்ட்ரோல் ஆர்ம்: எது, எத்தனை, எந்த ஜாயின்ட்?

#1 மண்தடம்

வணக்கம் மக்களே. வண்டி ஜீப் ராங்ளர் ஜேகே, நாலு கதவு, 2013 மாடல். ஸ்பிரிங் மாத்தி 3.5 இன்ச் தூக்கியாச்சு, டயர் 35 இன்ச். முன்னும் பின்னும் டிராக் பார் (ஆக்சில் பக்கவாட்டுல நகராம பிடிக்கற தண்டு) நீளம் மாத்தக்கூடியது. கன்ட்ரோல் ஆர்ம் (ஆக்சிலைச் சேஸியோட பிணைக்கற தண்டு) எட்டும் வண்டியோட வந்ததுதான். அலைன்மென்ட் ஷீட்ல கேஸ்டர் (சக்கரம் திரும்பற அச்சோட பின்சாய்வு) இடது 2.5, வலது 2.3 டிகிரி. வேகம் எடுத்தா ஸ்டீயரிங் அலைபாயுது, வளைவு முடிஞ்சதும் தானா நேருக்கு வரமாட்டேங்குது. ஓட்டம் பாதி தார் ரோடு, பாதி பாறையும் சேறும்.

கேள்வி நாலு. ஸ்டீலா அலுமினியமா? எட்டும் ஒரே கிட்டா வாங்கணுமா, கொஞ்சம் போதுமா? ஜாயின்ட் எந்த வகை? இடது வலது கேஸ்டர் வித்தியாசத்தையும் ஆர்மை வெச்சே சரி பண்ணிடலாமா?

#2 நெம்புகோல்

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: முடியாது. முன் ஆக்சில் ஒரே துண்டு. சக்கரத்தைத் திருப்பற நக்கிளைத் தாங்கற இரண்டு முனையும் குழாயோட வெல்டு ஆனது. ஒரு பக்க ஆர்மை மட்டும் நீட்டினா அந்தப் பக்கக் கேஸ்டர் தனியா ஏறாது. ஆக்சில் கோணலா நிக்கும், ஆர்ம் முனையில இருக்கிற புஷ் எல்லாம் இழுபட்டுக் கிடக்கும். 0.2 டிகிரி பொருட்படுத்த வேண்டிய வித்தியாசமே இல்ல.

ஸ்டீலா அலுமினியமா என்பதை இப்போதைக்கு ஓரமா வைங்க. லிஃப்ட் என்ன பண்ணியிருக்குன்னு பாருங்க. ஆர்ம் ஒரு முனை சேஸியில, இன்னொரு முனை ஆக்சில்ல. சேஸி மேல போகப் போக ஆர்ம் சாயும். சாஞ்சா அதோட கிடைமட்ட நீளம் குறையும். கணக்குக்கு 600 மி.மீ. ஆர்ம் வெச்சுக்குவோம். சாதா உயரத்துல ஆக்சில் முனை 50 மி.மீ. தாழ இருந்தா கிடைமட்ட நீளம் 598. இன்னும் 75 மி.மீ. தூக்கினா 587 ஆயிடும். 100 தூக்கினா 581. அதாவது முன் ஆக்சில் 11 முதல் 17 மி.மீ. பின்னால வருது, பின் ஆக்சில் அதே அளவுக்கு முன்னால போகுது. அப்பரும் (மேல் ஆர்ம்) லோயரும் (கீழ் ஆர்ம்) ஒரே நீளமும் இல்ல, ஒரே சாய்வும் இல்ல. அதனால ரெண்டும் ஆக்சிலை வேற வேற அளவு இழுக்குது. ஆக்சில் உருண்டு கேஸ்டர் குறையுது. உங்க 2.4 இப்படி வந்ததுதான். ஜேகே கம்பெனியிலிருந்து வரும்போது 4 டிகிரியை ஒட்டி இருக்கும். 35 இன்ச் டயருக்கு 4.5 முதல் 5 வரை இருந்தா ரோட்ல நிம்மதியா ஓடும்.

எந்த ஆர்ம் முதல்ல? முன் லோயர் ரெண்டும். லோயரை நீட்டினா கேஸ்டரும் ஏறும், பின்னால போன ஆக்சிலும் கொஞ்சம் முன்னுக்கு வரும். அப்பரைக் குறைச்சாலும் கேஸ்டர் ஏறும்தான், ஆனா ஏற்கெனவே பின்னால வந்த ஆக்சில் இன்னும் பின்னால போகும். முன் லோயருக்கு அடுத்தது பின் அப்பர் ரெண்டும், அது பினியன் கோணத்துக்கு (ஷாஃப்ட் வந்து சேர்ற ஆக்சில் மூக்கோட சாய்வு). இந்த நாலும் சேர்ந்தா உங்க லிஃப்டுக்கு முக்கால்வாசி வேலை முடிஞ்சது. மீதி நாலு ஆர்ம் வளைஞ்சாலோ, புஷ் போனாலோ, லிஃப்டை இன்னும் ஏத்தினாலோ பார்க்கலாம்.

#3 வெல்டிங்புகை

ஆர்மை ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி வண்டிக்குக் கீழ படுங்க தம்பி. ஒருத்தர் ஸ்டீயரிங்கை இடதும் வலதும் ஆட்டட்டும், இன்ஜின் ஓடிக்கிட்டு, டயர் தரையில. டிராக் பார் போல்ட்டுல கையை வெச்சுப் பாருங்க. போல்ட் ஓட்டை முட்டை வடிவமா ஆகியிருந்தா எத்தனை ஆர்ம் மாத்தினாலும் அலைச்சல் தீராது. பால் ஜாயின்ட், டை ராடு முனை, டயர் காத்தழுத்தம் எல்லாம் பார்த்துட்டு வாங்க. முன்பக்கம் மொத்தமும் நடுங்கற அந்த ஆட்டத்துக்கு ஆர்ம் மாத்தறது மருந்தில்ல. தேஞ்சுபோன ஏதோ ஒண்ணு எங்கயோ உட்கார்ந்திருக்கும்.

அப்புறம், நெம்புகோல் சொன்ன 5 டிகிரிக்கு ஒரு விலை உண்டு. முன் ஆக்சில்ல கேஸ்டர் ஏறினா பினியன் மூக்கு தரையைப் பார்க்கும். முன் ஷாஃப்ட் கோணம் கூடும். ஜேகேயில முன் ஆக்சிலைக் கழட்டிவிடற அமைப்பு கிடையாது, ரெண்டு சக்கர ஓட்டத்திலயும் முன் ஷாஃப்ட் சுத்திக்கிட்டேதான் இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் ஆக்சிலுக்கு விசையைப் பிரிக்கற பெட்டி) பக்கம் ரெசெப்பா ஜாயின்ட் (உள்ளே உருண்டைகள் வெச்ச மூட்டு), ரப்பர் பூட் போட்டது. கோணம் கூடினா பூட் கிழியும், கிரீஸ் தெறிக்கும், ஜாயின்ட் காயும். 2012லேர்ந்து வந்த 3.6 லிட்டர் வண்டியில எக்சாஸ்ட் குழாயும் அந்த ஷாஃப்டுக்கு ரொம்பப் பக்கம். உங்களது 2013, சக்கரத்தைத் தொங்கவிட்டுக் கட்டாயம் பாருங்க. கேஸ்டரை 4.5ல நிறுத்தி, ஷாஃப்ட் அதிருதான்னு பார்த்துட்டு அப்புறம் ஏத்தறது நல்லது.

#4 மண்தடம்

நன்றி அண்ணே. டிராக் பார் போல்ட் பார்த்தாச்சு, ஆட்டம் இல்ல. பால் ஜாயின்டும் நல்லாருக்கு. முன் லோயரை எவ்வளவு நீட்டணும்னு முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா, இல்ல போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணுமா?

#5 நெம்புகோல்

போடலாம். ஆக்சில் பக்கத்துல அப்பர் போல்ட்டுக்கும் லோயர் போல்ட்டுக்கும் நடுவுல எவ்வளவு உயரம்னு அளந்துக்குங்க. 200 மி.மீ. வந்தா ஒரு டிகிரிக்கு 3.5 மி.மீ. 150 வந்தா 2.6. உங்களுக்கு 2.4லேர்ந்து 4.8 வேணும்னா, 200க்கு ஏறத்தாழ 8.4 மி.மீ. நீட்டணும். பெரும்பாலான ஆர்ம்ல மரை 1¼ இன்ச், ஒரு இன்ச்சுக்கு 12 புரி. ஒரு முழுச் சுத்து 2.1 மி.மீ. ஆக, நாலு சுத்து. ரெண்டு முனையிலயும் இடமரை வலமரை இருக்கிற ஆர்ம்னா குழாயை ஒரு சுத்து சுத்தினா 4.2 மி.மீ., ரெண்டு சுத்துல வேலை முடியும்.

மரை உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாருங்க. தண்டோட விட்டத்துக்குக் குறையாம உள்ளே இருக்கணும்: 1¼ இன்ச் தண்டுன்னா 1¼ இன்ச்சாவது. ஆர்மோட குறைஞ்ச நீளமும் அதிகபட்ச நீளமும் உங்க லிஃப்டுக்குப் பொருந்துதான்னு வாங்கும்போதே கேளுங்க. 2 இன்ச் லிஃப்டுக்குன்னு செஞ்ச ஆர்மை 4 இன்ச்சுக்கு இழுத்துப் போட்டா கடைசி ரெண்டு மரையில வண்டி தொங்கும்.

#6 அலுமினியப்பிரியன்

பொருள் பத்தி யாரும் பேசவே இல்லையே. 7075 அலுமினியம், 2 இன்ச் கெட்டித் தண்டு. துரு கிடையாது, எடையும் கம்மி, பாறையில அடிபட்டா வில் மாதிரி வளைஞ்சு திரும்பிடும். ஸ்டீல் குழாய் ஒரு தடவை வளைஞ்சா வளைஞ்சதுதான். இதுக்கு மேல என்ன வேணும்?

#7 வெல்டிங்புகை

எடை கம்மிதான், ஆனா நினைக்கிற அளவு இல்ல. 2 இன்ச் வெளிவிட்டம், கால் இன்ச் சுவர் ஸ்டீல் குழாய் அடிக்கு 4.7 பவுண்டு. அதே விட்டத்துக் கெட்டி அலுமினியம் 3.8. வித்தியாசம் அஞ்சுல ஒரு பங்கு.

வளையாத வலு விட்டத்தையும் சுவர்த் தடிமனையும் சேர்த்துப் பார்க்கணும். 2 இன்ச்சுக்குக் கால் இன்ச் சுவர் குழாயோட வளைவு எதிர்ப்பை 100ன்னு வெச்சா, 1¾ இன்ச்சுக்குக் கால் இன்ச் சுவர் 72தான். 2 இன்ச்சுக்கு 0.120 இன்ச் சுவர் 59. ‘2 இன்ச் ஆர்ம்’னு விளம்பரத்துல போட்டுச் சுவர் தடிமனைச் சொல்லாம விட்டா இதுக்குத்தான். 2 இன்ச் கெட்டித் தண்டு வடிவத்தால மட்டும் 146. 7075-டி6 நிரந்தரமா வளையத் தொடங்கற வரம்பும் நல்ல டிஓஎம் (உள்ளே அச்சுத்தண்டு வெச்சு இழுத்துச் செஞ்ச) ஸ்டீல் குழாய்க்குக் குறைவில்ல. அதனால அலுமினியப்பிரியன் சொன்னதுல நியாயம் உண்டு: பாறைமேல அடிவயிறு உரசற லோயர் ஆர்முக்கு அது நல்ல பொருள்தான்.

எங்க இடிக்குதுன்னா மரையில. ஸ்டீல் தண்டு அலுமினிய மரைக்குள்ள உப்புநீரும் சேறும் பட்டுக் கிடந்தா ரெண்டும் ஒட்டிப் பிடிச்சுக்கும். அடுத்த தடவை நீளம் மாத்தப்போனா மரையே உரிஞ்சு வரும். மாட்டும்போதே ஆன்டி-சீஸ் பசை தடவணும், லாக் நட்டு (மாத்தின நீளத்தைப் பூட்டற நட்டு) பக்கம் தண்ணி தங்காம பார்த்துக்கணும். இன்னொண்ணு: 7075ஐ சாதாரணமா வெல்டு பண்ண முடியாது. ஸ்டீல் ஆர்ம் காட்டுல உடைஞ்சா வெல்டு போட்டு வீடு வந்து சேரலாம்.

அப்பர் ஆர்முக்கு இந்தச் சண்டையே தேவையில்ல. அது பாறையில படாது. 1½ இன்ச் ஸ்டீல் குழாயே போதும்.

#8 நெம்புகோல்

இதோட சேர்த்து ஒரு விஷயம். ஆர்ம்ல ஏறற விசை பிரேக் விசையை விடப் பல மடங்கு. தரையிலேர்ந்து லோயர் போல்ட் உயரம் 350 மி.மீ., அப்பருக்கும் லோயருக்கும் நடுவுல 200ன்னு வெச்சுக்குங்க. ஆர்ம் ஏறத்தாழப் படுகிடையா இருந்தா, பிரேக் அடிக்கும்போது டயர் தரையில F விசையில பின்னுக்கு இழுபட்டா, அப்பர் ஆர்ம்ல 1.75F இழுவிசை, லோயர்ல 2.75F அழுத்து விசை. டயர் பெரிசாகி ஆக்சில் 50 மி.மீ. உயர்ந்தா அது 2F, 3F ஆயிடும். பின் ஆக்சில்ல முன்னோக்கி வேகம் எடுக்கும்போதும் இதே கதை: லோயர் அழுந்தும், அப்பர் இழுபடும்.

லோயர் தடியா, அப்பர் மெலிசா இருக்கிறதுக்குக் காரணம் இதுதான். லோயர் அழுந்திக்கிட்டே இருக்கும்போது நடுவுல பாறை குத்தினா வளையும். அப்பர் பெரும்பாலும் இழுபடுது, அதனால சுலபமா வளையாது. ஆனா அதே இழுவிசை அப்பர் பிராக்கெட்டைக் கிழிக்கும். ஆர்மை வலுவாக்கினா சங்கிலியில அடுத்த பலவீனமான கண்ணி பிராக்கெட்தான். வளைஞ்ச ஆர்மை மாத்திடலாம். ஆக்சில் குழாயிலிருந்து கிழிஞ்ச பிராக்கெட் பெரிய வேலை. பாறை ஓட்டம் இருந்தா ஆர்ம் வாங்கற கையோட ஆக்சில் பக்க லோயர் பிராக்கெட்டுக்கு அடிப்பட்டை வெல்டு பண்ணிடுங்க. ஓட்டைகளையும் பாருங்க, முட்டை வடிவமா இருந்தா வாஷர் தகடு வெல்டு பண்ணிச் சரி பண்ணின பிறகுதான் புது ஆர்ம்.

#9 கிரீஸ்கன்

ஜாயின்ட் கேள்வி அப்படியே நிக்குது, நான் எடுத்துக்கறேன். ஆர்ம்ல காசு போக வேண்டிய இடம் இதுதான். குழாய் எல்லாரும் ஒரே மாதிரிதான் செய்யறாங்க.

ரப்பர் புஷ்: உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோட ஒட்டி வார்த்தது. சத்தமில்ல, கிரீஸ் வேண்டாம், அதிர்வை விழுங்கும். முறுக்கு ஓரளவுதான் தாங்கும்.

பாலியூரித்தேன் புஷ்: ரோட்ல கட்டுறுதி, ஆனா பக்கவாட்டு முறுக்கு கிட்டத்தட்டக் கிடையாது. ஆர்மோட ரெண்டு முனையிலயும் பாலி போட்டா, ஒரு சக்கரம் பாறைமேல ஏறும்போது ஆர்ம் முறுக மறுக்கும். அந்த முறுக்கு நேரா பிராக்கெட்டுக்குப் போகும். பிராக்கெட் விரிசல் விடறதுல கணிசமானது இப்படித்தான். அதோட கீச் கீச்னு கத்தும். சிலிக்கோன் கிரீஸ்தான் போடணும். பாறை வண்டிக்கு ரெண்டு முனை பாலி வேண்டவே வேண்டாம்.

ஜானி ஜாயின்ட் வகை: நடுவுல எஃகு உருண்டை, சுத்திப் பாலியூரித்தேன் கிண்ணம், வெளியில ஸ்னாப் ரிங். சுமார் 30 டிகிரி வரை திரும்பும், கொஞ்சம் அதிர்வும் தாங்கும், கிரீஸ் நிப்பிள் உண்டு, பிரிச்சுக் கிண்ணம் மாத்தலாம். பாதி ரோடு பாதி பாறை வண்டிக்கு இதுதான் நடுவழி.

ஹைம் ஜாயின்ட்: உலோகத்துக்கு உலோகம் அல்லது நடுவுல டெஃப்லான் பூச்சு. துல்லியம், ஆனா சேஸியில ஒவ்வொரு கல்லும் கேட்கும். மண்ணு புகுந்தா பூச்சு தேயும், பிறகு டக் டக். போட்டி வண்டிக்கு நல்லது.

மண்தடத்துக்கு என் சிபாரிசு: ஆக்சில் முனையில ரப்பர், சேஸி முனையில ஜானி ஜாயின்ட் வகை. ரெண்டு முனையும் உருண்டையா இருந்தா திருப்பம் இன்னும் கூடும், ரோட் சத்தமும் கூடும். ஒரு சின்ன இடைஞ்சல்: ஒரு முனை ரப்பர்னா குழாயை வண்டியில வெச்சே சுத்தி நீளம் மாத்த முடியாது. ஒரு போல்ட்டைக் கழட்டி முனையைச் சுத்தணும். ஒவ்வொரு அரைச்சுத்துக்கும்தான் ஓட்டை நேர்ப்படும். கேஸ்டரை 0.3 டிகிரி படியா மாத்தறதுக்கு அது போதும்.

#10 சேற்றுச்சக்கரம்

வளைச்ச ஆர்ம் விக்கறாங்களே, நடுவுல மேல்நோக்கி வளைஞ்சது, பாறைக்கு இடம் விடும்னு? முன் லோயருக்கு அது சரியா?

#11 கிரீஸ்கன்

இடம் கிடைக்கும். ஆனா மேல நெம்புகோல் சொன்னதைப் பாருங்க: லோயர் அழுந்தற ஆர்ம். நேர்த் தண்டைவிட வளைச்ச தண்டு அழுத்தத்துல சீக்கிரம் மடங்கும். அதனால வளைச்ச ஆர்ம் எப்பவும் ஒரு படி தடியா இருக்கணும். இன்னொண்ணு யாரும் சொல்றதில்ல: ரெண்டு முனையிலயும் உருண்டை ஜாயின்ட் போட்ட வளைச்ச ஆர்ம் தன் அச்சுல சுழண்டு வளைவு கீழே தொங்கும். எதுக்கு வளைச்சோமோ அதுவே போச்சு. ஒரு முனையிலாவது ரப்பரோ பாலியோ இருந்தாத்தான் வளைவு மேல நிக்கும். முன் லோயருக்கு வளைச்சதுல இன்னொரு கண்டம்: ஸ்டீயரிங்கை முழுசாத் திருப்பினா டயர் உள்பக்கம் ஆர்ம்ல உரசும். நேர் ஆர்ம்லயே 35 இன்ச் டயர் சில ரிம் அளவுல உரசும். ஸ்டீயரிங் ஸ்டாப்புல வாஷர் சேர்த்துத் திருப்பத்தைக் குறைக்க வேண்டிவரும்.

#12 நடுநிலை

எல்லாரும் ஆர்மே பேசறீங்க. சேஸி பக்கத்துல ஆர்ம் பொருத்தற இடத்தைக் கீழே இறக்கற பிராக்கெட் இருக்கே? பழைய ஆர்மே போதும். கேஸ்டரும் திரும்பி வரும், ஆர்ம் படுத்த கோணத்துக்கு வரும், குழியில விழுந்தா குத்தற குத்தும் குறையும்.

#13 நெம்புகோல்

நியாயமான கேள்வி. ரோடு ஓட்டம் மட்டும்னா பிராக்கெட்தான் முதல் வரிசை. சாஞ்ச ஆர்ம் குழியோட அடியை நீளவாக்குல சேஸிக்குக் கடத்தும். நீட்டற ஆர்ம் அதைத் திருத்தாது. அதே சாய்வோட நீளமா நிக்கும். பிரேக் அடிச்சா மூக்கு நடந்துக்கற விதமும் சாய்வைப் பொறுத்ததுதான். இந்த ரெண்டையும் பிராக்கெட் திருத்தும்.

எதிர்ப்பக்கம்: தரை இடைவெளி போகும், அதுவும் பாறை முதல்ல முட்டற இடத்துல, முன் டயருக்கு நேர் பின்னாடி. மண்தடம் பாதி நேரம் பாறையில, அதனால அவருக்கு நான் ஆர்ம்தான் சொல்வேன். ரெண்டையும் சேர்த்துப் போடறவங்க கவனம்: பிராக்கெட்டே கேஸ்டரை ஏத்திடும். அதுமேல லிஃப்டுக்குன்னு நீட்டி வெச்ச மாறாநீள ஆர்மையும் போட்டா கேஸ்டர் எல்லை மீறும், முன் ஷாஃப்ட் அழும். கேம் போல்ட்டுன்னு இன்னொண்ணு உண்டு, ஓட்டையை நீட்டி வட்டு வெச்சுத் திருத்தறது. சின்ன லிஃப்டுக்கு, ரோட்டுக்கு ஓகே. பாறையில இடிச்சா நகர்ந்துடும்.

4 இன்ச்சுக்கு மேல போறவங்க லாங் ஆர்ம் பத்தி யோசிக்கலாம். சேஸி பிராக்கெட்டை வெட்டி எடுத்து வெல்டு பண்ற வேலை, திரும்பி வர முடியாத வழி. தனி இழை வேணும் அதுக்கு.

#14 முன்சக்கரம்

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். என்னோடது முன்னால தனித்தனி சஸ்பென்ஷன், ஸ்ட்ரட் மாத்தி 2.5 இன்ச் தூக்கினது. நீங்க பேசறது எனக்குப் பொருந்துமா? அப்பர் ஆர்ம் மட்டும் மாத்தணும்னு சொல்றாங்க.

#15 வெல்டிங்புகை

காரணம் வேற, ஆனா அப்பர் மாத்தறது சரிதான். தூக்கினதும் மூணு விஷயம் நடக்கும். சக்கரம் தொங்கும்போது அப்பர் ஆர்ம் ஸ்பிரிங்லயோ அதோட கூட்டுலயோ முட்டும். பால் ஜாயின்ட் எல்லையைத் தொடும். கேஸ்டர் குறையும், லோயர்ல இருக்கிற கேம் போல்ட் கடைசி வரை போயும் திருப்பித் தராது. நல்ல அப்பர் ஆர்ம்ல பால் ஜாயின்ட் இடம் பின்னுக்குத் தள்ளியிருக்கும், ஜாயின்ட் சாய்வும் மாத்தியிருக்கும். அலைன்மென்ட் ஷீட்ல கேஸ்டர் ஏற்கெனவே சரியா இருந்து, தொங்கும்போது எதுவும் முட்டலைன்னா மாத்தவே வேண்டாம்.

யூனிபாலா, மூடின பால் ஜாயின்டான்னு அடுத்த கேள்வி வரும். யூனிபால் கூடுதலாத் திரும்பும், ஆனா திறந்த ஜாயின்ட். சேறும் உப்பும் தின்னும். தினசரி ஓட்டற வண்டிக்கு மூடின பால் ஜாயின்ட், பூட் தனியா கிடைக்கிற மாடலாப் பார்த்து வாங்குங்க. ஆர்ம் மாத்தினதும் சக்கரம் முன்னைவிட அதிகமாத் தொங்கும்; அப்போ ஆக்சில் ஷாஃப்டோட சிவி ஜாயின்ட் கோணத்தையும் பிரேக் ஹோஸையும் பாருங்க. இனி தொங்கலை நிறுத்த வேண்டியது ஷாக் மட்டும்தான், ஆர்ம் நிறுத்தாது.

#16 குட்டிநாலு

ஜிம்னிக்கு? முன்னால ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு ஆர்ம்தான் இருக்கு.

#17 நெம்புகோல்

அது ரேடியஸ் ஆர்ம். ஆக்சில் பக்கம் ரெண்டு புஷ், சேஸி பக்கம் ஒண்ணு. நீளத்தை மாத்தினா கேஸ்டர் மாறாது, ஆக்சில் முன்பின் போகும், அவ்வளவுதான். கேஸ்டர் வேணும்னா ஆக்சில் பக்க ரெண்டு ஓட்டையும் கோணம் மாத்திச் செஞ்ச ஆர்ம், இல்லன்னா மையம் விலகின புஷ், இல்லன்னா சேஸி பக்கம் இறக்கற பிராக்கெட். அந்த ரெண்டு புஷ்ஷுக்கு ரப்பரே இருக்கட்டும். அதுல பாலி போட்டா ஆக்சில் மொத்தமும் கெட்டியான ஆன்டி-ரோல் பார் ஆயிடும், சக்கரம் தொங்காது.

#18 மண்தடம்

முடிவு: முன் லோயர், பின் அப்பர், ரெண்டும் 2 இன்ச் கால் இன்ச் சுவர் ஸ்டீல், ஒரு முனை ரப்பர், ஒரு முனை ஜானி ஜாயின்ட் வகை. மாட்டற முறையை யாராவது வரிசையாச் சொல்லுங்க. பின் ஷாஃப்ட் மாத்தியாச்சு, டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் டபுள் கார்டன் (ரெண்டு மூட்டு சேர்ந்த ஜாயின்ட்).

#19 வெல்டிங்புகை

பின் அப்பருக்கு 2 இன்ச் அனாவசியம், 1½ போதும்னு மேலயே சொல்லியாச்சு. சரி, வேலைக்கு வருவோம்.

முதல் நாளே எல்லா போல்ட்டுக்கும் துருநீக்கி அடிச்சு வைங்க. சமதளம், சேஸிக்கு அடியில ஸ்டாண்டு, ஆக்சிலுக்கு அடியில ஜாக்கி. வண்டி எடை ஸ்பிரிங்ல இருக்கிற உயரத்துலயே வேலை செய்ங்க. தொங்கவிட்டா ஆக்சில் உருண்டு ஓட்டை எதுவும் நேர்ப்படாது. ஒரு நேரத்துக்கு ஒரு ஆர்ம். ரெண்டையும் கழட்டினா ஆக்சில் முறுக்கிக்கிட்டு உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

பழைய ஆர்மைப் புது ஆர்ம் பக்கத்துல வெச்சு, போல்ட் மையத்துலேர்ந்து போல்ட் மையம் வரை அளங்க. பழைய நீளம் கூட்டல் 8.4, ரெண்டு பக்கமும் ஒரே அளவு. அரைச்சுத்துக் கணக்குல 8 மி.மீ. சொச்சம் வரும், பரவாயில்ல. ஓட்டை நேர்ப்படலன்னா சுத்தியல் எடுக்காதீங்க. ராட்செட் பட்டையை ஆக்சில்லயும் சேஸியிலயும் கொக்கி போட்டு இழுங்க, இல்லன்னா பினியனுக்கு அடியில சின்ன ஜாக்கி கொடுத்து ஆக்சிலை உருட்டுங்க. கிரீஸ் நிப்பிள் பாறை பக்கமோ பிராக்கெட் சுவரை ஒட்டியோ இருக்கக் கூடாது. கன் நுழையற மாதிரி திருப்பி மாட்டுங்க.

பின் அப்பர்: டபுள் கார்டன் ஷாஃப்ட்னா பினியன் மூக்கு ஷாஃப்டை நேராப் பார்க்கணும், ஒண்ணு ரெண்டு டிகிரி தாழ. வேகம் எடுக்கும்போது பினியன் அந்த அளவு ஏறிக்கும். மூக்கைத் தூக்க அப்பரை நீட்டணும். டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் ஷாஃப்ட் குழாய்மேல ஒண்ணு, பினியன் யோக் மேல ஒண்ணு, கழிச்சுப் பாருங்க. ரெண்டு முனையிலயும் சாதா ஜாயின்ட் இருக்கிற ஷாஃப்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதுல டிரான்ஸ்ஃபர் கேஸ் தண்டும் பினியனும் இணையா இருக்கணும். பினியனை ரொம்பத் தூக்கினா முன் பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேராது, அதையும் மறக்காதீங்க.

இப்போ முக்கியமானது. ரப்பர் புஷ் இருக்கிற போல்ட்டை வண்டி தன் எடையில தரையில நிக்கும்போதுதான் இறுக்கணும். தொங்கும்போது இறுக்கினா, வண்டி இறங்கினதும் ரப்பர் முறுக்கின நிலையிலேயே நிக்கும். உயரம் தப்பாக் காட்டும், சில மாசத்துல ரப்பர் கிழியும். ‘புது ஆர்ம் புஷ் தரமில்லை’ன்னு வர்ற புகார்ல பாதி இதுதான். ஜேகேயில லோயர் போல்ட் 170 நியூட்டன் மீட்டர், முன் அப்பர் 100. பழைய நட்டு பிடிப்பு விட்டிருந்தா புதுசு.

இறுக்கினதும், சேஸியில ரெண்டு பக்கமும் ஒரே இடத்து ஓட்டையிலேர்ந்து ஆக்சில் வரை அளங்க. இடதும் வலதும் 3 மி.மீ.க்குள்ள இருக்கணும். ஸ்பிரிங்கைக் கழட்டி ஆக்சிலை ஒரு பக்கம் பம்ப் ஸ்டாப் வரை ஏத்தி, மறுபக்கம் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பிப் பாருங்க: டயர் ஆர்ம்ல படுதா, ஷாஃப்ட் எக்சாஸ்ட்ல படுதா, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடுதா. இதைச் சோம்பல்பட்டு விட்டவங்கதான் காட்டுல ஹோஸ் அறுந்து நிப்பாங்க. பிறகு அலைன்மென்ட், லோயர் நீளம் மாறினா ஸ்டீயரிங் வீல் நேரும் மாறும், டிராக் லிங்க்ல (ஸ்டீயரிங் பெட்டியிலேர்ந்து சக்கரத்துக்குப் போற தண்டு, டிராக் பார் இல்ல) திருத்துங்க. 100 கி.மீ. ஓட்டி எல்லாத்தையும் மறுபடி இறுக்குங்க.

பின்னால முன் அப்பரும் வாங்கறதா இருந்தா ஒண்ணு: அதோட ஆக்சில் பக்கப் புஷ் ஆர்ம்ல இருக்காது, ஆக்சில்லயே அழுத்தி வெச்சிருக்கும். டிஃபரன்ஷியல் பக்கத்துப் புஷ் வார்ப்புக்குள்ள இருக்கு, பிரஸ் கருவி இல்லாம அடிச்சா வார்ப்பு உடையும்.

#20 சேற்றுச்சக்கரம்

எல்லாம் சரியா மாட்டியும் லாக் நட்டு மட்டும் அடிக்கடி கழண்டுக்குது. லாக்டைட் போட்டும் நிக்கல. டக்னு ஒரு சத்தம், போய்ப் பார்த்தா நட்டு லூஸ். ரெண்டு முனையும் உருண்டை ஜாயின்ட். நட்டுல குறையா?

#21 கிரீஸ்கன்

நட்டுல குறை இருக்க வாய்ப்பு கம்மி. ரெண்டு ஜாயின்டும் ஒண்ணுக்கொண்ணு நேரா நிக்காதபோது நட்டை இறுக்கியிருப்பீங்க. பெரிய ஸ்பேனரால நட்டைத் திருப்பும்போது ஜாயின்ட் உடம்பும் சேர்ந்து சாயும், கடைசி வரை சாஞ்ச நிலையிலயே பூட்டிக்கும். அப்புறம் சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த ஜாயின்டுக்கு ஒரு பக்கம் திரும்ப இடமே இருக்காது. எல்லையில முட்டி, குழாயையே முறுக்கும். அந்த முறுக்கு நட்டைக் கழட்டும். லாக்டைட் அதைத் தடுக்காது.

நட்டை விடுங்க. வண்டி தரையில நிக்கட்டும். குழாயைக் கையால முன்னும் பின்னும் உருட்டிப் பாருங்க, ரெண்டு பக்கமும் சமமா ஆடணும். ஆடற நடுப்புள்ளியில ஜாயின்ட் உடம்பை ஒருத்தர் பெரிய பைப் ரெஞ்ச்ல பிடிச்சு நகராம வெச்சிருக்க, இன்னொருத்தர் நட்டை இறுக்கணும். ரெண்டு முனைக்கும் அப்படியே. இறுக்கின பிறகும் குழாயைக் கையால உருட்டினா ரெண்டு பக்கமும் கொஞ்சம் ஆடணும். ஒரு பக்கம் மட்டும் ஆடினா திரும்பவும் விடுங்க. நட்டுலேர்ந்து குழாய் வரை பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வைங்க, கழுவும்போது கோடு உடைஞ்சிருக்கான்னு பார்த்தாப் போதும். அப்பவும் கழண்டா ஆர்மைக் கழட்டி மரையைப் பாருங்க: லூஸான நட்டோட ஓட்டின ஆர்ம்ல குழாய் மரையோட முதல் சில புரி தேஞ்சு பளபளன்னு இருக்கும். தண்டை மாட்டி ஆட்டினா கையில ஆட்டம் தெரியும். அந்த ஆட்டம் இருந்தா குழாய் மாத்தறதைத் தவிர வழியில்ல.

#22 சேற்றுச்சக்கரம்

உருட்டிப் பார்த்தேன், ஒரு பக்கம் மட்டும்தான் ஆடுது, முன் வலது லோயர். மரையைப் பார்த்துட்டு எழுதறேன்.